பேஸ் வாசிப்பது டாரல்

குயின்ஸ்டவுனில் மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர்கள் குறைவு. அன்றும் பெய்துகொண்டிருந்தது. மதியம் தாண்டியதுமே மலை மேகத்துக்குள் போய்விட்டதால், தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. ப்ரோன்வின் காரை ஸ்மெல்டர்ஸ் என்ற பப்பின் பின்பக்கம் நிறுத்தினாள். ஒரு சின்னப் பெட்டியை மழைக்கோட்டுக்குள் கைக்குழந்தையைப் பொத்துவதுபோலப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மேடையில் ஒயர்களுக்கு நடுவே குந்தியிருந்த வாரிக் நிமிர்ந்து பார்த்தான். வெட் மேட்சஸ் என்ற இசைக்குழுவின் பாடகன் அவன்தான். நமத்த தீக்குச்சி என்று குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். அந்த ஊர் ஈரத்துக்கு வேறு பெயர் பொருந்தாது.

"என்ன ப்ரோன், ஒருவழியா ரெக்கார்டர் வாங்கிட்டியா? நான் பொண்டாட்டி தேடுனப்பகூட இவ்வளவு யோசிக்கல."

"அதான் மூணு பேரும் ஓடிட்டாளுங்க," என்றாள் ப்ரோன்வின்.

பழைய ரெக்கார்டரின் மேல் யாரோ பீரைக் கொட்டிக் கொன்றுவிட்டார்கள். புதிதாக ஒன்று வாங்க ஹோபார்ட் நகரத்தில் ஒரு கடையில் அரைநாள் நின்று அந்தக் கடைக்காரனின் உயிரை வாங்கியிருந்தாள். ஒன்று சட்டைப்பைக்குள் அடங்கியது. ஆனால் ட்ரம்ஸை ஓங்கி அடித்தால் ஒலி கிழிந்துபோகும். இன்னொன்றில் ஒலியளவைக் குறைத்து வைத்தால் கிழியாது. ஆனால் மெல்லிய பாட்டு வரும்போது வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். மூன்றாவதில் ஒலியளவைத் திருகும் குமிழே இல்லை. கிசுகிசுப்பையும் இடியையும் ஒரே மாதிரி உள்ளே வாங்கிக்கொள்ளும்; வேண்டியதை வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொள்ளலாம். அவள் அதைக் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பேஸ் தெளிவா பிடிக்குமா?"

"இது எதையும் விட்டுவைக்காதும்மா. உங்க காதுக்கு எட்டாததைக்கூடப் பிடிச்சிடும்," என்றான் கடைக்காரன்.

குழுவில் அடித்தொனி எழுப்பும் பேஸ் கிடார் வாசித்தவன் அவள் புருஷன் டாரல். அவன் வாசித்த ஒவ்வொரு கச்சேரியையும் அவள் பதிவுசெய்திருக்கிறாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் சாலையில் உறைந்திருந்த பனியில் அவன் கார் சறுக்கி ஏரிக்குள் போனது. அதன்பிறகு எல்லாவற்றையும் போட்டுக் கேட்டாள். பழைய மைக்குகளுக்கு அடித்தொனி பிடிபடவில்லை. வாரிக்கின் குரல் இருந்தது, குடிகாரர்களின் சிரிப்பு இருந்தது. டாரல் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் இயந்திரம்போல உறுமிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டி நிறைய மற்றவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறோமே என்று அன்று அவள் வயிறு எரிந்தது.

டாரலின் இடத்தில் இப்போது மார்னி நிற்கிறாள். ஊர் பேக்கரியில் வேலை செய்யும் பெண். சிரித்தால் ஈறு தெரியும். அவள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து ப்ரோன்வினின் கையில் திணித்தாள்.

"ஆட்டுக்கறி வச்சுச் சுட்டது. சூடா இருக்கு, தின்னு. இல்லாட்டி ராத்திரி சமைக்காம படுத்துடுவ, எனக்குத் தெரியும்."

இந்தப் பெண்ணை வெறுக்க ப்ரோன்வின் முதலில் முயன்று பார்த்தாள். முடியவில்லை.

கச்சேரிகளைப் பதிவுசெய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இசை தொடங்குமுன் இடத்தையும் வாசிப்பவர்களின் பெயர்களையும் மைக்கில் மெதுவாகச் சொல்லிவிடுவார்கள். தொடங்கிய பிறகு வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். ப்ரோன்வின் கூடத்தின் பின்பக்கம் ரெக்கார்டரைத் தாங்கியில் பொருத்தி, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, குனிந்து சொன்னாள்.

"ஸ்மெல்டர்ஸ், ஞாயிறு மதியம். வெட் மேட்சஸ். பாட்டு, கிடார் வாரிக். ட்ரம்ஸ் பெப். பேஸ் வாசிப்பது டாரல்."

பழகிய நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. அவள் திடுக்கிட்டுத் திருத்த வாயெடுப்பதற்குள் பெப் ட்ரம்ஸ் குச்சிகளைத் தட்டிவிட்டாள். ப்ரோன்வின் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு தொடங்கியது.

முதல் பாட்டின் நடுவில்தான் அவள் அதைக் கவனித்தாள். காதொலிப்பானுக்குள் இரண்டு பேஸ் கேட்டது.

ஒன்று மார்னியுடையது, துறுதுறுவென்று தாளத்தோடு ஓடியது. மற்றது அதற்கும் கீழே, ஒரு மயிரிழை பின்தங்கி, அவசரமே இல்லாமல் வந்தது. அப்படி வாசிப்பதற்காக வாரிக் ஒருவனைத் திட்டாத நாளில்லை.

அவள் காதொலிப்பானைக் கழற்றினாள். கூடத்தில் ஒரே பேஸ்தான்.

திரும்ப மாட்டினாள்.

இரண்டு.

ஈரக் கம்பளியும் சுருட்டுப் புகையிலையும் சேர்ந்த வாசனை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசிக்கும்போது அவன் தொண்டைக்குள் முனகும் முனகல்கூடக் கேட்டது. அவள் அழுதாள். பயத்தால் இல்லை. அத்தனை வருஷம் கிடைக்காத ஒலி, ஒவ்வொரு தந்தியாக, தெளிவாகக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுதாள்.

இடைவேளையில் மார்னி அவளிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ப்ரோன், என் கையைத் தொட்டுப் பாரேன்."

தொட்டாள். மீன்கடைப் பனிக்கட்டிபோல இருந்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"யாரோ என் கைமேல கை வச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு," என்று மார்னி கிசுகிசுத்தாள். "பெரிய கை. ஈரமா இருக்கு. வாரிக்கிட்ட சொன்னா, பீரை நிறுத்துங்கிறான். நான் இன்னிக்குத் தண்ணிகூடக் குடிக்கல ப்ரோன்."

ப்ரோன்வினுக்குப் புரிந்துவிட்டது. யாரைக் கூப்பிட்டுவிட்டோம், அவன் யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறான் என்பதெல்லாம் புரிந்தது. ரெக்கார்டரைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"குளிருதான், கண்ணு," என்றாள். "ஹீட்டர் பக்கத்துல நின்னு வாசி."

பிறகு புது பேட்டரி போட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆசை வெட்கம் அறியாது.

இரண்டாம் பகுதி தொடங்கியது. காதொலிப்பானுக்குள் மார்னியின் பேஸ் தேய்ந்துகொண்டே போனது. தேய்ந்து, கதவுக்கு அப்பால் போய், தெருவுக்கு அப்பால் போய், நின்றுவிட்டது.

இப்போது ஒரே பேஸ்.

அது டாரலுடையது.

மேடையில் மார்னி வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, டாரல் நிற்பதுபோல நின்றாள். கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. அந்தப் பாட்டு முழுக்க அவள் மார்பு ஒருமுறைகூட ஏறி இறங்கவில்லை. கூட்டம் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்ததில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

ப்ரோன்வினின் விரல் நிறுத்தும் பொத்தானைத் தேடியது.

"ப்ரோனி."

காதுக்குள், மிக அருகில். அவளை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான்.

"நிறுத்தாத, ப்ரோனி. அங்க இருட்டு."

விரல் அப்படியே நின்றது. அந்த ஒரு குரலுக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். ஆனால் கொடுக்கவேண்டியது அவளுடையதாக இல்லையே.

மார்னியின் வாயோரம் தண்ணீர் வழிந்தது. கறுப்பான ஏரித் தண்ணீர். தாடையிலிருந்து சொட்டி, கிடார்மேல் விழுந்தது.

ப்ரோன்வின் பொத்தானை அழுத்தினாள். ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணையவில்லை. பேட்டரியைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் பேட்டரி இருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பேஸ் நிற்கவில்லை.

இனி ஒன்றுதான் மிச்சம். அவள் தாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கச்சேரி நடுவில் வாய் திறக்காத பழக்கத்தை மீறி, மைக்குக்குள் கத்தினாள்.

"பேஸ் வாசிப்பது மார்னி! டாரல் இல்ல! டாரல் செத்துட்டான்! மார்னிதான் வாசிக்கிறா!"

தந்தி அறுந்த சத்தத்தில் பாட்டு நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. மார்னி மேடையில் சரிந்து, இருமி இருமி, பலகையெல்லாம் நனையத் தண்ணீர் கக்கினாள். பிறகு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சுச் சத்தம் கூடத்தின் கடைசிவரை கேட்டது.

வாரிக் ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ப்ரோன்வினைப் பார்த்தான். தன் மூன்று மனைவிகளையும்கூட அவன் அவ்வளவு வெறுப்போடு பார்த்திருக்கமாட்டான்.

"என்ன பண்ணித் தொலைச்ச நீ?"

அவள் ரெக்கார்டரின் மெமரி கார்டைப் பிடுங்கி, மார்னியின் கண்ணெதிரே இரண்டாக ஒடித்து, கணப்பு நெருப்பில் போட்டாள். தன் புருஷனை அவள் இரண்டாம் தடவை புதைத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மார்னியைப் பார்த்துவிட்டு, பயமில்லை, நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்றார்கள். நகங்களுக்குச் சிவப்பு திரும்பியிருந்தது. கம்பளிக்குள்ளிருந்து அந்தப் பெண் கையை நீட்டி ப்ரோன்வினின் விரலைப் பிடித்தாள்.

"என் பேரைச் சொன்ன இல்ல, அது கேட்டுச்சு," என்றாள். "அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல வந்தேன்."

ப்ரோன்வின் மழையில் இறங்கிக் காருக்குப் போனாள். அவள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே உட்கார்ந்து, தன் சீட் பெல்ட் பட்டையை மாட்டி, வண்டியைக் கிளப்பினாள்.

கார் கீச்சுக் குரலில் கத்தத் தொடங்கியது. கீ, கீ, கீ. முன்னால் சின்ன விளக்கு ஒன்று மின்னியது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்திருந்து பட்டை போடாவிட்டால்தான் அந்த விளக்கு எரியும்.

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

இருக்கையின் துணி மட்டும் ஓர் ஆளின் கனத்துக்கு அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தில் ஈரம் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்கலாம். பப்பின் ஜன்னல் வெளிச்சம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கத்தல் நிற்கவில்லை. டாரல் ஒருநாளும் பட்டை போட்டவனில்லை. போடச் சொன்னால் சிரிப்பான். ஏரிக்குள் போன அன்றும் அவன் போட்டிருக்கவில்லை என்று போலீஸ்காரர் சொன்னார்.

ப்ரோன்வின் மெல்லக் குனிந்து கையை நீட்டினாள். பட்டையை இழுத்து, அந்தக் குளிருக்குக் குறுக்கே கொண்டுவந்து, மாட்டினாள். அவளுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

"இந்தத் தடவையாவது போட்டுக்கோ," என்றாள்.

கத்தல் நின்றது. பட்டை தளர்ந்து தொங்கவில்லை. ஒரு மார்பின்மேல் கிடப்பதுபோல, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.