மற்றவை: 43

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு இருபது. வாடகை ஷெட் எண் பதினான்கில் நின்றிருந்த வேனின் மின்மானி, பேட்டரிக்குள் 1.8 ஆம்பியர் வந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. அந்த நேரத்தில் வேனோடு எந்த மின்சாரமும் இணைக்கப்பட்டிருக்கவில்லை.

அக்கா முதலில் மானியைத்தான் சந்தேகப்பட்டாள். பதினாறு வருடமாக மருத்துவமனைகளின் யுபிஎஸ் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவள். பொய் சொல்லும் மானிகளை நிறையப் பார்த்தவள். வேனுக்குள் புது ஒட்டுப்பலகையின் வாசனையும் ஈயப்பற்று வைத்த புகையின் மிச்சமும் இருந்தன. தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது டக்கென்று முறிவது போலச் சத்தம் போட்டது. சோலார் பேனல்களின் மேல் தார்ப்பாய் கிடந்தது. எஞ்சினை அணைத்து மூன்று நாள் ஆகிறது. சுவர் பிளக்கின் ஒயர் சுருட்டியபடி ஆணியில் தொங்கியது. மின்சாரம் உள்ளே வரக்கூடிய வழிகள் மூன்று. மூன்றுக்குமான ஃபியூஸ்கள் அவள் சட்டைப் பையில் இருந்தன. தொட்டு எண்ணினாள். மூன்று.

கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தாள். அதுவும் 1.8.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் தங்கை. பின்பக்கக் கட்டிலில் புது மெத்தையின் மேல் படுத்து, அளவு சரியா என்று காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய், பக்கத்தில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர்.

"சும்மா கிடக்கிற பேட்டரில கரண்ட் ஏறுதுடி."

"ஏறினா நல்லதுதானே. இறங்கினா ஒப்பாரி வை."

தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றோடு, அதன் பன்னிரண்டு மீட்டர் குழாய் எட்டும் தூரத்துக்குள் வாழ்கிறாள். படுக்கையறை, கூடம், குளியலறை. வாசல் வரை எட்டும். கேட் வரை எட்டாது. சாவதற்குள் ஒருமுறை கடலைப் பார்க்க வேண்டும் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்ன வாரம்தான் அக்கா இந்தப் பழைய ரொட்டி வேனை வாங்கினாள். எட்டு மாதமாக ஒவ்வொரு ஒயரையும் தன் கையாலேயே இழுத்தாள்.

மின் அமைப்பில் ஒரு இடத்தில்தான் இடித்தது. இயந்திரம், விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 263 ஆம்பியர்-மணி வேண்டும். கூரை முழுக்கப் பேனல் போட்டால் வருவது 130. மூன்று மணி நேரம் ஓட்டினால் எஞ்சின் தருவது 90. அதற்கு மேல் நோயாளியைக் குலுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போகிற வழியில் பிளக் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை, அது பூஜ்யம். 43 குறைந்தது. பெரிய பேட்டரி போட்டும் பயனில்லை. பேட்டரி வெறும் தொட்டி. தொட்டியைப் பெரிதாக்கினால் குழாயில் தண்ணீர் கூடிவிடாது.

மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "எனக்கு இந்த ஆம்பியர் எல்லாம் புரியாதும்மா. வர்றதும் போறதும் சமமா இருக்கா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்பத்தான் நான் அனுப்புவேன்."

அவள் எழுதினாள். ஒன்று, சோலார், 130. இரண்டு, எஞ்சின், 90. மூன்று, சுவர் பிளக், 0. பிறகு பேனாவைக் கொஞ்ச நேரம் தாளின் மேலேயே பிடித்திருந்துவிட்டு, நான்கு, மற்றவை, 43 என்று போட்டாள். தாள் சமமாகிவிட்டது. கையெழுத்திட்டுக் கொடுத்தது அதே திங்கட்கிழமை, மூன்றரை மணிக்கு. அங்கிருந்து இருவரும் நேராக ஷெட்டுக்கு வந்தார்கள்.

அன்று வீட்டில், தங்கை தூங்கிய பிறகு, 43-ஐ இருபத்து நான்கால் வகுத்துப் பார்த்தாள். 1.79 என்ற பதிலைப் பார்த்ததும் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை கிளம்பினார்கள். ஓட்டும் இடத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு இருந்ததால், ஏதாவது என்றால் விசிலை ஊது என்று, பள்ளிக்கூட விசிலைத் தங்கையின் கழுத்தில் மாட்டினாள்.

"ஊதற அளவுக்கு மூச்சு இருந்தா நான் எதுக்குடி உன்னக் கூப்பிடப் போறேன்?" என்றாள் தங்கை. அக்காவை டி போட்டால் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை கடல் வந்தது. பின்கதவுகள் இரண்டையும் திறந்துவைத்து, கட்டிலில் உட்கார்ந்தபடி தங்கை மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புக் காற்று, அலையின் இரைச்சல், அதற்கு அடியில் இயந்திரத்தின் சீரான புஸ், புஸ். ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கிளிப் 94 காட்டியது. வீட்டில் 96. அலைச்சல்தான், வேறென்ன. மானியில் வரும் பக்கம் எப்போதும் இருக்க வேண்டியதைவிட 1.8 கூடுதலாகவே இருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். கூடுதலாக வருவதை யார் போய்க் குறை சொல்வார்கள்?

சனிக்கிழமை காலை வானம் இறங்கி வந்து கடலின் மேல் உட்கார்ந்துகொண்டது. மழை ஒரே கனத்தில் பெய்தது. கூரையின் இரைச்சலில் இயந்திரத்தின் சத்தம் அமுங்கிப்போனது. ஈரத் துணியின் வாடை வேன் முழுக்கப் பரவி, கண்ணாடிகள் உள்ளிருந்தே வெளுத்தன. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. பேனல்கள் தந்தது 0.6. பேட்டரி இறங்கியிருக்க வேண்டும்.

மதியம் மானி சொன்னது: போவது 11.0. வருவது 11.0.

பேட்டரி நூறு சதவீதம்.

தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. கிளிப்பை மாட்டினாள். 86. நகங்களில் ஊதா அவரைப்பூவின் நிறம்.

"வாலு. ஏய் வாலு."

"ம்... அலுப்பா இருக்குக்கா. யாரோ உறிஞ்சற மாதிரி."

அக்கா முன்னால் ஓடிப்போய் எஞ்சினைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வருவது 30.6-க்கு ஏறியது. எஞ்சினும் பேனலும் சேர்ந்து தரக்கூடியது அவ்வளவுதான். வேறெதுவும் தரத் தேவையில்லை. கிளிப்பைப் பார்த்தபடி நின்றாள். 87. 89. 91. கன்னத்தில் நிறம் வந்தது. முன்னால் போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தாள். உறுதியாகத் தெரிய வேண்டும். 90. 88. 85. மறுபடி போட்டாள்.

ஒரு வழி இருந்தது. குழாயைச் சின்னச் சிலிண்டருக்கு மாற்றி, இயந்திரத்தை நிறுத்தினாள். விளக்கு, விசிறி, எல்லாவற்றையும் நிறுத்தினாள். எஞ்சினையும். இப்போது எதற்கும் மின்சாரம் வேண்டாம். பேட்டரியும் நிறைந்திருக்கிறது.

போவது 0.0.

வருவது 10.4.

பேனலின் 0.6-ஐக் கழித்த மிச்சம் அது. கேட்பது பேட்டரி இல்லை. தாள் கேட்கிறது: வெயிலும் எஞ்சினும் தராததையெல்லாம் நான்காவது வரி தந்து தாளைச் சமமாக்க வேண்டும்.

தன்னிடமிருந்த நகலை நான்காகக் கிழித்தாள். 10.4. அசல் மருத்துவரின் கோப்பில் இருந்தது. ஃபியூஸ் பலகையைத் திறந்தாள். ஒன்றாவதைப் பிடுங்கினாள். இரண்டாவது. மூன்றாவது. 11.0. பேனல் தராத 0.6-ஐயும் அது சேர்த்துக்கொண்டது. அப்புறம் அவள் விரல்கள் வெற்றுப் பலகையைத் தடவின. வழிக்கொரு ஃபியூஸ் வைக்க வேண்டும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். நான்காவதற்கு அவள் வைக்கவில்லை. தாளில் மட்டும் இருப்பதற்கு யார் ஃபியூஸ் வைப்பார்கள்?

எல்லாவற்றையும் திரும்பச் சொருகி, இயந்திரத்தைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பி ஓட்டினாள். பெரிய ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். டீசல் கால் டாங்குக்கும் கீழே. ஓடும்வரை ஒன்றும் ஆகாது. ஓடும்வரை.

நாற்பதாவது கிலோமீட்டரில் தரைப்பாலம் மூழ்கியிருந்தது. முன்னால் ஐம்பது வண்டிகள். பின்னால் வந்து சேர்ந்தவையும் அடைத்துக்கொண்டன. போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"எஞ்சினை அணைச்சுடும்மா. தண்ணி வடிய ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அணைக்க முடியாது சார். பின்னாடி நோயாளி."

அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஐந்து நாற்பதுக்கு எஞ்சின் இருமியது. நின்றது.

மழைக்குள் ஓடினாள். அவள் தங்கையைப் பற்றிச் சொன்னதும், முன்னால் நின்ற லாரியின் டிரைவர், பெரிய உடம்புக்காரர், வேறெதுவும் கேட்கவில்லை. குழாயை டாங்கில் விட்டு வாயால் உறிஞ்சி, டீசலைக் கேனுக்கு இறக்கினார். "நீ போய்த் தங்கச்சியப் பாரு. நான் கொண்டாறேன்."

திரும்பி வரும்போது விசில் கேட்டது. ஒரு முறை. சின்னதாக. பாதியில் தேய்ந்தது.

அவள் கதவைத் திறந்தாள்.

இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. புஸ். புஸ். விசில் உதட்டில் இருந்தது. கிளிப்பில் எண் இல்லை, இரண்டு கோடுகள்தான். எழுப்பினாள். உலுக்கினாள். நெஞ்சை அழுத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினாள். போவது 0.0.

வருவது 10.4.

நிற்கவில்லை. குறையக்கூட இல்லை.

தங்கையின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். 97. 97. இப்போது உறிஞ்சுவது அவளிடமிருந்து இல்லை. மற்றவை என்ற அந்த வரியில் யாருடைய பெயரையும் அவள் எழுதவில்லை.

கேனோடு வாசலில் வந்து நின்ற லாரி டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ... மூச்சு வாங்குதும்மா," என்றார். கேனைக் கீழே வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், மழையில் நின்ற வண்டிகளுக்குள், ஒருவர் இருமினார். அடுத்த வண்டியில் இன்னொருவர். பிறகு வரிசை நெடுக. ஒரு குழந்தை.

மாலை ஆறு பத்துக்கு வேனின் பேட்டரி நூறு சதவீதம் காட்டியது.