இடது பக்கம் திரும்பும்போது

நேராகப் போனால் சத்தமில்லை. வலது பக்கம் திரும்பினாலும் இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் மட்டும் டக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டக்.

எம்.கே.பி. நகரில் சல்லிசாக வந்த பழைய கார். இந்த விலைக்குச் சத்தமும் வராமல் இருக்குமா என்று ஜன்னத் முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் அவளும் மகள் சைமாவும் சாப்பிடுகிறார்கள். பகலெல்லாம் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் அது காதில் விழாது. பொழுது சாய்ந்து, எர்ணாவூரில் வீட்டை நோக்கிக் கால்வாய்ப் பக்கம் இடது கைத் திருப்பத்தில் ஒடிக்கும்போதுதான் கேட்கும். சவாரி இறங்கி, சைமாவும் இல்லாமல், தனியாக வரும்போதும் கேட்கும். அவளுக்குப் பயமாக இருந்தது.

திருவொற்றியூர் மெக்கானிக் வல்லரசு விஷயத்தைக் கேட்டதுமே முடிவு கட்டிவிட்டான். "லெஃப்ட்ல ஒடிச்சா சத்தம் வந்தா ரைட்டு ஆக்சில் ஜாயின்ட்டுதான்க்கா. உள்ள குண்டு தேஞ்சிருக்கும்."

கழற்றி, கிரீஸைத் துடைத்து, குண்டுகளை விரலால் உருட்டிப் பார்த்தான். முகம் மாறியது. "இன்னாக்கா இது, புச்சு மாரி கீது?"

பின் சீட்டுக்கு அடியில் ஏதாவது உருளுகிறதா என்று விரிப்பைத் தூக்கினான். சாம்பல் நிறச் சேறு காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. அதிலிருந்து எண்ணெயும் அழுகலும் கலந்த வாடை எழுந்து ஜன்னத்தின் தொண்டையில் உட்கார்ந்தது.

"வெள்ளத்துல முழுவுன வண்டிக்கா. உன் தலைல கட்டிட்டானுங்க."

ஜாயின்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னான். "நீ ஓட்டு. நான் பின்னாடி குந்திக்கினு கேக்கறேன்."

மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை முழுதாக இடது பக்கம் ஒடித்து வட்டமடித்தாள். டக். டக்.

"இன்னும் ஸ்லோ."

வண்டி மெதுவானது. சத்தம் அவசரமானது. டக், டக், டக், டக்.

"ஜாயின்ட்டா இருந்தா சத்தமும் ஸ்லோவாவணுமேக்கா," என்றான். "நிறுத்து."

நிறுத்தினாள். அவன் இறங்குவதற்காகப் பின்பக்க இடது கதவின் உள் கைப்பிடியை இழுத்தான்.

டக்.

அதே சத்தம். கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவன்தான். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை.

"சைல்டு லாக் போட்டு வச்சிக்கிறியாக்கா? உள்ளேர்ந்து இழுத்தா தொறக்காது, சத்தம்தான் வரும். கைப்பிடி லூசு. திரும்பறப்போ ஆடுது. லாக்கை எடுத்துட்டா சத்தம் நின்னுடும்."

"வேணாம் தம்பி. எம் பொண்ணு கதவத் தொறந்துடுவா."

வாங்கிய புதிதில், அதே எர்ணாவூர் திருப்பத்தில், ஓடும்போதே அந்தக் கதவு திறந்துகொண்டது. நான் தொறக்கலம்மா என்று சைமா அழ அழ ஜன்னத் அடித்துவிட்டாள். அன்றைக்கே போட்ட பூட்டு.

"சொல்லி வைக்கா, கேட்டுக்கும்."

வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டாள். அவன் கதவின் ஓரத்திலிருந்த சின்ன நெம்புகோலை விரலால் தள்ளி லாக்கை எடுத்தான். மறுபடி வட்டமடித்தாள். நிசப்தம். நாள்கணக்காகத் தூக்கமில்லாதவளுக்கு அந்த நிசப்தம் போதுமாயிருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றாள்.

காலடிப்பேட்டை டியூஷனிலிருந்து சைமாவை ஏற்றிக்கொண்டாள். இடது கதவு வழியாக ஏறியவள் நகர்ந்து ஜன்னத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்டி அந்தாண்ட போற?"

"எடம் வேணாமாம்மா?"

பையைச் சொல்கிறாள் என்று ஜன்னத் நினைத்தாள். "கதவுல கை வச்ச, தோலை உரிச்சிடுவேன்."

"நான் எப்பம்மா வச்சேன்?"

மழை வலுத்தது. அந்தி நேர மக்ரிப் பாங்கு தேய்ந்து அடங்கும்போது எர்ணாவூர் வந்துவிட்டது. சாலையில் தண்ணீர் தேங்கியிருக்க, வண்டி ஊர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூட்டைப் போட்ட மறுநாள்தான் சத்தம் தொடங்கியது. அதற்கு முன்னால் இல்லை.

கை அதற்குள் இடது பக்கம் ஒடித்துவிட்டிருந்தது.

டக்.

ஒரே ஒரு தடவை. மெதுவாக.

ஈரக் காற்று பிடரியில் பட்டது. அந்த எண்ணெய் வாடை. பிரேக்கை மிதித்தாள். திறந்திருந்த கதவு ஆடி வந்து அடித்துச் சாத்திக்கொண்டது.

"சைமா?"

பின் சீட்டில் பை மட்டும். இடது பக்க மெத்தை நனைந்து, அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முகப்பு விளக்கு வெளிச்சத்தில் கால்வாய்க் கரை. சைமா சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மூடி, ரோட்டைக் கடக்கும்போது கை பிடித்துப் போவாளே, அப்படி. அந்தத் தோள் சற்றே கீழே சாய்ந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்திருந்தது எதுவோ, அது அவளைவிடக் குட்டை.

"சைமா! சைமா!"

ஜன்னத் தன் பக்கக் கதவின் கைப்பிடியை இழுத்தாள்.

டக்.

திறக்கவில்லை.

தண்ணீர் சைமாவின் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நீட்டிய கை இப்போது நீருக்குள். அவள் அதை விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

டக். டக். டக். டக்.