தளம் அடிக்கிற சத்தம்

நேற்றுவரை இடிக்காத வாசல் நிலைக்கட்டை இன்று இடித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு "இயேசுவே!" என்று உட்கார்ந்துவிட்டாள் ஜெபஷீலா. அவளொன்றும் பனைமர உயரமில்லை. கரும்பலகையின் மேல்வரி எட்டாமல், வளர்ந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதச் சொன்ன டீச்சர்.

"நெலைய எறக்கி வச்சுட்டியா அழகரு?"

"அதுல கையே வைக்கல டீச்சரம்மா. ஏதாச்சும் யோசனையில வந்திருப்பீக," என்றார் கொத்தனார் மச்சிலிருந்து எட்டிப் பார்த்து.

யோசனையாம், பெரிய யோசனை. மேலே சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து மரக்கட்டையால் தளத்தை இறுக அடித்துக்கொண்டிருந்தார்கள். டொக், டொக், டொக். பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடித்த மருந்து வாடையும், ஈரச் சுண்ணாம்பு வாடையும், பழைய வவ்வால் வாடையும் கூடத்துக்குள் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

கல்யாணமாகி வந்த அன்று இதே வாசல் நிலையில்தான் மாமியார் மிக்கேலம்மாள் அவளை மறித்தாள். வீரபாண்டியில், கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பத்தில் பிறந்து, இன்னாசியைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கி, மாலையோடு வந்து நின்ற மருமகளை. "முழங்கால் போட்டுக் குனிஞ்சு வாடி. என் கூரைக்குக் கீழ நீ நிமிரக் கூடாது."

ஜெபஷீலா குனியவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு தேனியில் வாடகை வீட்டுக்குப் போனாள். மாமியார் செத்தாள். இன்னாசியும் போய்ச் சேர்ந்தான். வேறு வாரிசில்லாமல் வீடு இவள் பேருக்கே வந்தது. இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டச் சொன்னவர்களிடம், "அந்தக் கூரை அப்படியே நிக்கணும். அதுக்குக் கீழ நான் நிமிந்து நடக்கணும்," என்றாள். வீம்புதான். அந்த வீம்பு இல்லாவிட்டால் எப்போதோ செத்திருப்பாள்.

பொழுது சாய்ந்ததும் பெண்கள் கட்டைகளைக் கழுவி வைத்துவிட்டு அழகரின் வேனில் ஏறிப் போனார்கள். ஜெபஷீலா பின்கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒட்டடைக் கம்பு, தரைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் சிக்கி வில்லாக வளைந்திருந்தது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

டொக்.

"யாரு மேல? சோணையம்மா, நீ போகலையா?"

டொக். ஒரே கட்டை, அவசரமே இல்லாத அடி. போனை எடுத்து அழகரைக் கூப்பிட்டாள்.

"மச்சுலருந்து எல்லாரும் எறங்கிட்டாகளா?"

"எல்லாரும் வேன்லதான் இருக்காக. சோணையம்மா பக்கத்துலதான் ஒக்காந்திருக்கு." பெண்கள் சிரிப்பது போனில் கேட்டது. பிறகு அவர் குரல் மாறியது. "டீச்சரம்மா, அங்கன யாரு அடிக்கிறது? சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே. நிப்பாட்டச் சொல்லுங்க, தளம் தாங்காது. நான் வண்டியத் திருப்புறேன்."

உச்சந்தலையில் சுட்டது. பல்பு. காலையில் நாற்காலி போட்டு ஏறி மாட்டிய பல்பு, இப்போது அவள் முடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

விரிசல் இல்லை. ஒரு பொடி மண்கூட உதிரவில்லை. கூரை அப்படியே, ஒழுங்காக, இறங்கிக்கொண்டிருந்தது.

டொக்.

வாசலைப் பார்த்தாள். நிலை அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது.

"மாட்டேன்," என்றாள். வாய்விட்டே சொன்னாள். "நான் குனிய மாட்டேன்டி."

டொக். உத்திரம் தலையில் உட்கார்ந்தது. டொக். கழுத்து மடங்கியது. மூச்சு முட்டியது. டொக். முழங்கால் தரையில் பட்டது. கையை ஊன்றினாள். தவழ்ந்தாள். வாசற்படி வயிற்றில் உரச வெளியே வந்து விழுந்தாள். பயத்தைவிட அவமானம்தான் எரிந்தது. ஓவென்று அழுதாள்.

முற்றத்தில் மலைக்காற்று வீசியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வீடு பழைய உயரத்தில், நிலை பழைய உயரத்தில், எப்போதும்போல் நின்றது. மச்சில் யாருமில்லை.

எழுந்தாள். பாதி எழுந்ததும் தலை இடித்தது.

மேலே வானம். வெறும் வானம். கையைத் தூக்கித் தடவினாள். ஈரம். விரலில் சுண்ணாம்பு.

டொக்.

குனிந்தபடியே தெருப்பக்கம் ஓடினாள். அந்தக் கூரையும் கூடவே வந்தது. பிடரியில் வெல்லத் தண்ணீர் சொட்டியது.

வேன் வந்து நின்றது. விளக்கு வெளிச்சத்தில் அழகர் இறங்கி ஓடிவந்தார். அவளருகில் நின்றார். நேராக, நிமிர்ந்து. அவர் தலையில் எதுவும் இடிக்கவில்லை.

"என்னத்தத் தேடுறீக டீச்சரம்மா? எந்திரிங்க."

"முடியல அழகரு."

"என்ன செய்யுது? முதுகு பிடிச்சுக்கிருச்சா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டொக். அவள் நெற்றி மண்ணைத் தொட்டது.