வயிறு வலிக்காத காலை

இருபத்திரண்டாவது நாளாக மகளுக்கு வயிறு வலிக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அம்மா நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆறு மாதம் உயிரை வாங்கிய வலி அது. காலையில் சீருடையைக் கையில் எடுத்தால் போதும், வந்துவிடும். கூடவே கேள்வி. "அம்மா, சாயங்காலம் வந்துடுவேல்ல? வழியில உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" ஒரே கேள்வி முப்பது தடவை. பதில் சொன்னாலும் அடங்காது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரத்தம்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்த நோயானாலும் தாளில் ஓர் எண்ணாக வந்தால்தான் நம்புவாள். ஏழு வயது மகளின் கையில் நான்கு முறை ஊசி குத்தி, தானே ரத்தம் எடுத்து, தானே சோதித்தாள். எல்லாம் நார்மல். வகுப்பாசிரியை கூப்பிட்டனுப்பி, "அவ நடிக்கல மேடம், நிஜமாவே பயந்துபோயிருக்கா. குழந்தைங்களுக்கான மனநல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்" என்றாள். "எங்க வீட்டுல யாருக்கும் பைத்தியம் பிடிக்கலைங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தாள் அம்மா. படித்த முட்டாள். வேறென்ன சொல்ல?

மறுநாள் காலை மகள் பின்பக்கக் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். வேலைக்கு ஏற்கெனவே தாமதம். அம்மா கதவை ஓங்கி அறைந்தாள்.

"இந்த அழுமூஞ்சி எனக்கு வேண்டவே வேண்டாம்! அவள உள்ளயே விட்டுட்டு, நல்ல பொண்ணா வெளிய வா!"

அழுகை சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் மகள் முகம் கழுவி, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினாள். அன்றிலிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை. தாழ் தானாக விழுந்து இறுகிவிட்டது என்று அம்மா நினைத்தாள். ஆள் கூப்பிட நேரமில்லை, வீட்டில் இன்னொரு குளியலறையும் இருந்தது.

இன்று மழைக்காக வானம் கறுத்திருந்தது. காலை ஏழு மணிக்கே விளக்கைப் போட்டு, மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்திலிருந்து ஈரத்துணி நாள்கணக்கில் கிடந்து புழுங்கின நாற்றமும், குழாய் சொட்டும் சத்தமும், அதற்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சுவது போன்ற இன்னொரு சத்தமும் வந்துகொண்டிருந்தன. அம்மாவின் கை நின்றது. மடியில் இருந்த மகளின் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் முழுசாக, ஒரே அளவாக, பளபளவென்று வளர்ந்திருந்தன.

"கண்ணு, நான் சாயங்காலம் வருவேனான்னு நீ இப்பல்லாம் கேக்கறதே இல்லையே?"

"வராட்டி என்னம்மா?"

கோபமில்லை, கிண்டலில்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டாள். அம்மா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வயிறு வலிக்குதாடி? கொஞ்சமாவது? பரவால்ல, சொல்லு. இன்னிக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாம்."

"வலிக்கலம்மா."

வலிக்கிறது என்று சொல்லமாட்டாளா என்று ஏங்கினாள். அப்போதுதான் கேட்டது. பின்பக்கம். மகளின் அதே குரல், ரகசியமாக.

"அம்மா... வந்துடுவேல்ல?"

சீப்பு கீழே விழுந்தது. ஓடினாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். உள்ளே தாழ்.

"வந்துட்டேன்டி! அம்மா வந்துட்டேன்! தாழைத் திற, செல்லம்!"

"எனக்கு எட்டல."

எட்டாதா? அவள் உயரத்துக்கென்றே வைத்த தாழ். இருபத்திரண்டு நாள். என்ன தின்றாள்? எவ்வளவு சிறுத்துப் போனாள்?

கதவடி இடுக்கில் நான்கு விரல்கள் வெளியே வந்தன. மெலிந்து, நீரில் ஊறி வெளுத்து. நகமே இல்லை. கடித்த சதை மட்டும். அம்மா தரையில் விழுந்து அவற்றைப் பற்றிக்கொண்டாள். விரல்களும் அவளைப் பற்றிக்கொண்டன.

"மன்னிச்சுடுடி. டாக்டர்கிட்ட போலாம். இப்பவே போலாம். நீ எத்தன தடவ வேணும்னாலும் கேளு."

பின்னால் காலடிச் சத்தம். சீருடை. பை. ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலை.

"நேரமாச்சும்மா."

மகள் குனிந்து, அம்மாவின் கையை மட்டும் பதமாக விலக்கினாள். ஏழு வயதுக்கு அந்தப் பலம் ஏது? பிறகு, கறுப்புக் காலணியை அந்த நான்கு விரல்களின் மேல் வைத்தாள். நிதானமாக அழுத்தினாள். முழு எடையோடு.

உள்ளே இருந்தவள் கத்தவில்லை. கத்தினால் அம்மாவுக்குப் பிடிக்காது.