சாக்ஸ் திணித்த மணி

ரைலனைக் கைமாற்றிவிட்ட செய்தி டாரியாவுக்குப் பள்ளி பஸ்ஸில்தான் தெரிந்தது. ஓட்டுநர் வழக்கம்போல ரேடியோவில் விளையாட்டுச் செய்தி வைத்திருந்தார்.

"வில்மோர் பைசன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தன் கோல்கீப்பர் ரைலனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலாக ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த கோல்கீப்பர் ஒருவர் வருகிறார். கூடவே, வரும் ஆண்டுகளில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாய்ப்புகளும் கிடைக்கின்றன."

பஸ்ஸில் எல்லோரும் டாரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரைலன் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

வெளியூரிலிருந்து விளையாட வரும் பையன்களை வில்மோரில் ஆளுக்கொரு வீடு வைத்துக்கொள்ளும். ரைலன் இரண்டு குளிர்காலமாக டாரியா வீட்டு மாடி அறையில் இருந்தான். அவள் தட்டில் ஒதுக்கிவைக்கும் காரட்டை அம்மா பார்ப்பதற்குள் தின்றுவிடுவான். சீட்டாட்டத்தில் தோற்றால் அவளிடமே வந்து, "நீ ஏமாத்திட்டே!" என்று சண்டை போடுவான்.

அவள் வீட்டுக்கு ஓடியபோது மாடி அறை காலியாக இருந்தது. கட்டிலில் விரிப்புகூட இல்லை. கட்டிலுக்கு அடியில் பச்சைக்கோடு போட்ட சாக்ஸ் ஒன்று மட்டும் கிடந்தது.

"விமானத்துக்கு நேரமாயிடுச்சு, கண்ணு," என்றாள் அம்மா. "உன்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு வாசல்லயே நின்னான். பஸ் வரல."

அன்று மாலை அணியின் உரிமையாளர் கால்டர் ரேடியோவில் பேசினார். "ரசிகர்களே, பொறுமையா இருங்க. நாங்க எதிர்காலத்தை வாங்கியிருக்கோம்."

அப்பா ரேடியோவை அணைத்தார்.

"எதிர்காலம்னா யாருப்பா?" என்று கேட்டாள் டாரியா.

"அந்த ரெண்டு வாய்ப்புல வரப்போற பசங்க."

"அவங்க இப்போ எங்க ஆடுறாங்க?"

"இப்போ எட்டாம் வகுப்பு படிச்சிட்டிருப்பாங்க."

"என்னைவிட ரெண்டு வகுப்புதான் பெரியவங்களா!"

"ஆமா," என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை.

கால்டர் அணியை வாங்கிய முதல் வருடம் கேப்டனை அனுப்பினார். அடுத்த வருடம், அதிகமாக கோல் போட்டவனை அனுப்பினார். அதற்கடுத்து, ஊரே விரும்பிய கோச்சை. ஒவ்வொரு முறையும் எதிர்காலம் என்றார். எதிர்காலம் வில்மோருக்கு வரவே இல்லை. டிக்கெட் விலை மட்டும் தவறாமல் ஏறியது.

டாரியாவிடம் ஒரு பெரிய மாட்டு மணி இருந்தது. ரைலன் ஒவ்வொரு முறை கோலைத் தடுக்கும்போதும் அரங்கமே அதிர அதை அடிப்பாள். இப்போது அதை எடுத்து, பச்சைக்கோடு சாக்ஸை அதன் வாய்க்குள் திணித்தாள். ஆட்டிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை.

"கால்டர் போறவரைக்கும் இது அடிக்காது," என்றாள்.

"அவர் போகமாட்டாரே," என்றார் அப்பா.

"அப்போ அடிக்காது."

இரண்டு நாள் கழித்து ஸ்லோவாக்கியா கோல்கீப்பர் மாத்தேய் வந்தான். உயரமான, ஒல்லியான பையன். வாசலிலேயே காலணியைக் கழற்றி, சுவரோரமாக நேராக அடுக்கிவைத்தான். அதே மாடி அறைக்குப் போனான். டாரியா அவனுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் அம்மா உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டையை வைத்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"எங்க வீட்டுலயும் இது இருக்கு!" என்றான். அவனுடைய ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடிப் பேசினான்.

டாரியா தன் காரட்டை ஒவ்வொன்றாகத் தானே தின்று முடித்தாள். அவனிடம் தள்ளிவிட மனமில்லை.

வெள்ளிக்கிழமை மாத்தேயின் முதல் ஆட்டம். சில பேர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இந்த அணியைப் பார்க்க வந்ததைச் சொல்லிக்கொள்ள வெட்கமாம்.

டாரியாவின் பின் வரிசையில் வேர்ன் உட்கார்ந்திருந்தார். டயர் கடை வைத்திருப்பவர். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"பைசன்னு காட்டெருமை பேரு வெச்சா மட்டும் போதுமாடா? மாடு மாதிரி நின்னு மேயுறீங்களே!" என்று கத்தினார்.

முதல் இடைவேளைக்குள் மூன்று கோல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு, எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து பனித்தளத்தில் ரப்பர் வட்டைத் தள்ளிவிட்டான். அது நத்தைபோல ஊர்ந்து வந்தது. மாத்தேய் குனிந்து அதைப் பிடித்தான்.

"ஆகா!" என்று எழுந்தார் வேர்ன். "பிடிச்சிட்டான்டா! கைதட்டுங்க!"

அரங்கம் முழுக்கக் கைதட்டியது. கேலிக் கைதட்டல். டாரியாவும் தட்டினாள். அவள் கை வலிக்கத் தட்டினாள்.

மாத்தேய் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மட்டையை உயர்த்தி, கூட்டத்துக்கு நன்றி சொன்னான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி டாரியாவைக் கண்டுபிடித்தன. அவளுக்கும் கையசைத்தான்.

டாரியாவின் கைகள் நின்றுவிட்டன.

கடைசிப் பகுதியில் மாத்தேய் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் பாய்ந்து, காற்றிலேயே ஒரு வட்டைக் கையுறையால் பறித்தான். அது உண்மையிலேயே அபாரம். ஆட்டம் தெரிந்த சில பேர் விரலை வாயில் வைத்து விசிலடித்தார்கள். உடனே மாத்தேயின் தோள்கள் தொங்கிப்போயின. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கோல் விழுந்தது.

காரில் திரும்பும்போது அவன்தான் முதலில் பேசினான்.

"இங்க மக்கள் நல்லவங்க," என்றான். "சுலபமா பிடிச்சாலும் கைதட்டுறாங்க. ஆனா ஒண்ணு புரியல. கஷ்டமா பிடிச்சேனே, அதுக்கு ஏன் விசில்? எங்க ஊர்ல விசில்னா 'வெளிய போ'ன்னு அர்த்தம்."

"இங்க விசில்னா பாராட்டு," என்றாள் டாரியா. அவனிடம் அவள் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஓ!" அவன் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ கைதட்டல்?" என்று கேட்டான்.

அப்பா இருமினார். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. டாரியா மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றினான். அப்போதும் நேராகத்தான் அடுக்கிவைத்தான். பிறகு சத்தமில்லாமல் மாடிக்குப் போனான்.

அதற்கடுத்த ஆட்டங்களில் மாத்தேய் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. யாராவது கைதட்டினால் அவன் உடம்பு லேசாகக் குலுங்கியது. நன்றாகத் தடுத்தபோதும் அப்படியே. நல்ல கைதட்டலும் கேலிக் கைதட்டலும் காதுக்கு ஒரே மாதிரிதானே கேட்கும்? சுலபமான வட்டுகளைக்கூட விட்டான்.

"விசில் வந்தா நல்லதுன்னு உனக்கு இப்போ தெரியுமில்ல?" என்று ஒருநாள் காலையில் டாரியா கேட்டாள்.

"நேத்து விசிலும் கேலிதான்," என்றான் மாத்தேய். "நான் எதையும் கேக்கறதில்ல. அதுதான் நல்லது." பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான்.

டாரியாவுக்கும் ரொட்டி இறங்கவில்லை. ரைலனை அனுப்பியது கால்டர். மாத்தேயைக் கூட்டிவந்ததும் கால்டர். ஆனால் ஆட்டத்தின்போது கால்டர் அரங்கத்தின் மேலே கண்ணாடி அறையில் சூடாக காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அடியெல்லாம் கீழே நிற்பவன் மேல் விழுகிறது. இதில் தன் கையும் இருந்தது.

அவள் மாடிக்குப் போய், கதவைத் தட்டி, மணியை நீட்டினாள்.

"இது என்ன?" என்று கேட்டான் மாத்தேய்.

"மணி. நீ நிஜமாவே நல்லா தடுத்தா இதை அடிப்பேன். ஒரே ஒரு தடவை. இல்லைன்னா அடிக்கமாட்டேன். மத்த சத்தத்தையெல்லாம் விட்டுடு. இதை மட்டும் கேளு."

அவன் மணியைத் திருப்பிப் பார்த்தான். "பாவம்னு நெனச்சுப் பொய்யா அடிச்சா?"

"அடிக்கமாட்டேன்."

"எப்படி நம்புறது?"

"எனக்கு இன்னும் உன்மேல கோபம் முழுசா போகல," என்றாள் டாரியா. "அதனால சும்மா சும்மா அடிக்க மனசு வராது."

மாத்தேய் கொஞ்சம் யோசித்தான். "அப்போ சரி," என்றான். பிறகு மணிக்குள் விரலை விட்டான். "இதுல சாக்ஸ் இருக்கே?"

"தெரியும்," என்று மணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவள் சாக்ஸின் நுனியைப் பிடித்தாள். கால்டர் போகவில்லை. ரைலன் திரும்பி வரப்போவதில்லை. அவள் சாக்ஸை மெதுவாக இழுத்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் கோல் சீக்கிரமே விழுந்தது. மணி பேசவில்லை. ஒரு சுலபமான வட்டை மாத்தேய் பிடித்தான். வேர்ன் எழுந்து கேலியாகக் கைதட்டினார். பாதி அரங்கம் கூடச் சேர்ந்தது. மணி பேசவில்லை.

பிறகு எதிரணியின் மிக வேகமான ஆள் தனியாக வந்தான். தடுக்க நடுவில் ஒருவரும் இல்லை. மாத்தேய் அவசரப்படாமல் காத்திருந்தான். கடைசி நொடியில் காலை நீட்டினான். வட்டு பூட்ஸ் நுனியில் பட்டுத் தெறித்தது.

டங்!

மாத்தேய் நிமிர்ந்தான். பல நாளுக்குப் பிறகு முதல்முறையாக.

"ஏ குட்டி!" என்று பின்னாலிருந்து வேர்ன் கத்தினார். "ரைலன் போனதுக்கு இந்த மணி வாயைக் கட்டினியே, மறந்துட்டியா? இப்போ கால்டருக்கு மணி அடிக்கிறியா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாரியாவுக்குக் காது சூடாகியது. நிறையப் பேர் பார்க்கும்போது பேச அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் திரும்பினாள்.

"கால்டருக்கு இல்ல. மாத்தேய்க்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"எப்படி ஒண்ணு? மாத்தேய் தன்னைத்தானே வாங்கிக்கிட்டானா? ரைலனை அவனா அனுப்பினான்?" அவள் மேலே கண்ணாடி அறையைக் காட்டினாள். "நீங்க கேலியா கைதட்டணும்னா தட்டுங்க, வேர்ன். ஆனா அங்க பார்த்துத் தட்டுங்க."

வேர்ன் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஒருவர் தலையிலிருந்த காகிதப் பையைக் கழற்றி, மேலே பார்த்தார்.

அன்று மணி ஐந்து முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் மாத்தேயின் தோள்கள் கொஞ்சம் நிமிர்ந்தன. இரண்டாவது இடைவேளையில், பனித்தளத்தின் நடுவே சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கால்டர் மைக்கோடு வந்து நின்றார். இரு அணி வீரர்களும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது.

"வில்மோர் ரசிகர்களே! அடுத்த வருஷம் டிக்கெட் விலை கொஞ்சமே கொஞ்சம் ஏறும். ஆனா கவலைப்படாதீங்க, இன்னும் ரெண்டு பேரைக் கைமாத்தப் போறோம். எதிர்காலம் நம்ம கையில! எங்க, சத்தம் போடுங்க பார்ப்போம்!"

டாரியா கோட்டுப் பையிலிருந்து சாக்ஸை எடுத்து, மணிக்குள் நன்றாகத் திணித்தாள்.

அரங்கம் அமைதியாக இருந்தது. அப்போது பின் வரிசையில் வேர்ன் எழுந்து நின்றார். மெதுவாக, ஒவ்வொன்றாக, கைதட்டத் தொடங்கினார். பக்கத்து வரிசை சேர்ந்தது. அப்புறம் எதிர்ப்பக்கம். காகிதப் பைகளும் எழுந்து நின்று தட்டின. கொஞ்ச நேரத்தில் கூரையே அதிர்ந்தது.

கால்டரின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார். நாலா பக்கமும் திரும்பிக் குனிந்தார். போகும்போது பறக்கும் முத்தம்கூடக் கொடுத்தார். அவர் போனதும் டாரியா மணியிலிருந்து சாக்ஸை மறுபடி உருவினாள்.

ஆட்டம் நான்குக்கு இரண்டு என்று தோல்வியில்தான் முடிந்தது. புள்ளிப் பட்டியலில் அணிக்கு இன்னும் கடைசி இடம்தான். அப்பா காரை எடுத்தார். வண்டி சூடாகும்வரை எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா நெஞ்சுல வாங்கினேனே," என்றான் மாத்தேய். "அதுக்கு ஏன் மணி இல்ல?"

"அது தானா வந்து உன்மேல பட்டுச்சு. நீ கண்ணை மூடியிருந்தே."

"கொஞ்சம்தான் மூடினேன்."

"கொஞ்சமா மூடினாலும் மணி கிடையாது."

அவன் தலையாட்டி ஒத்துக்கொண்டான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். "கால்டருக்கு எல்லாரும் கைதட்டினாங்களே. அது நல்லதா, கேலியா?"

"கேலிதான்."

"ஆனா அவரு கையசைச்சாரே! முத்தம் குடுத்தாரே!"

"ஆமா."

"அவரு இந்த ஊர்க்காரர்தானே? அவருக்கு யாராவது சொல்லவேண்டாமா?"

அப்பா இருமினார். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். டாரியா மடியிலிருந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் யாரும் பேசவில்லை.

இந்த முறை முதலில் சிரித்தவன் மாத்தேய்தான்.