படத்தில் வந்த அம்மா

பொன்செல்விக்குப் பதினோரு வயது. தங்கை அஞ்சுவுக்கு ஐந்து. 1999-ஆம் ஆண்டு ஓண விடுமுறையில் அப்பா இருவரையும் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனார்.

ஒரு கழுதைக்குட்டியின் கதை அது. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வந்த சித்திரப் புத்தகம். இப்போது அதை மலையாளத்தில் சினிமாவாக எடுத்திருந்தார்கள்.

புத்தகத்தைப் படித்துக் காட்டிய அம்மா இப்போது இல்லை. ஜூன் மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அஞ்சுவிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. “அம்மா அவ ஊருக்கு, தென்காசிக்குப் போயிருக்கா, வந்துருவா” என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

சினிமாவில் தாய்க்கழுதையை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. குட்டி கரையில் நின்று கத்தியது.

“ஏ கழுதை, இங்க வா!” என்று அஞ்சு உரக்கக் கூப்பிட்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியில் தாய்க்கழுதை சொட்டச் சொட்ட நனைந்து கரையேறி வந்தது. தியேட்டர் முழுக்கக் கைதட்டல். பொன்செல்வி மட்டும் கைதட்டவில்லை. புத்தகத்தில் அது வரவே வராது. குட்டி ஒரு கிழட்டு எருமையின் பின்னால் நடந்துபோவதோடு கதை முடியும்.

வெளியே வந்ததும் அஞ்சு பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடினாள். தென்காசி பஸ் நிற்கும் இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“எழும்பு மக்கா, வீட்டுக்குப் போவோம்” என்றார் அப்பா.

“நான் வரல்ல. அம்மா இதுலதான் வரும். கழுதைக்கு அம்மா வந்துச்சுல்லா!”

ஒரு தென்காசி பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் அஞ்சு உற்றுப் பார்த்தாள். கடைசியாக ஒரு பெரிய மூட்டை இறங்கியது, அதன் பின்னால் ஒரு தாத்தா. பஸ் காலியானது.

“நாளைக்கு வருவா...” என்று அப்பா தொடங்கினார்.

பொன்செல்வி அவர் கையைப் பிடித்தாள். “வேண்டாம்ப்பா. தெனமும் இங்க வரணும்னு அழுவா.”

பொன்செல்வி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அஞ்சு, புத்தகத்துல கழுதையோட அம்மா வராது. கடைசிப் பக்கம் வர்றதுக்குள்ள நீ உறங்கிருவ. சினிமாக்காரங்க மாத்திட்டாங்க.”

“எதுக்கு மாத்தினாங்க?”

“பிள்ளைங்க அழுவாங்கன்னு பயந்திருப்பாங்க. அப்பாவும் அதுக்குத்தான் பயந்தாங்க. நம்ம அம்மா தென்காசிக்குப் போகல்ல. ஆஸ்பத்திரியில செத்துப்போச்சு. இனி வராது.”

செத்துப்போச்சு என்ற வார்த்தையைப் பொன்செல்வி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அஞ்சு நிமிர்ந்து பார்த்தாள். “உள்ளதுதானாப்பா?”

அப்பா தலையசைத்தார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அஞ்சு அக்காவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். அக்காவும் அழுதாள். இரண்டு பஸ்கள் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன.

பிறகு அஞ்சு அக்காவின் பாவாடையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

“அக்கா, அம்மாவுக்கு இனி ஊசி போடமாட்டாங்களா?”

“போடமாட்டாங்க.”

“வலிக்காதா?”

“வலிக்காது.”

அஞ்சு கொஞ்சம் யோசித்தாள். பிறகு தானே எழுந்து நின்றாள்.

வீட்டுக்குப் போகும் கரமனை பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் அம்மாவின் பேச்சையே எடுக்காத அப்பா அன்று பேசினார். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா மலையாளம் தெரியாமல், மீன்காரியிடம் கையையும் காலையும் ஆட்டிப் பேரம் பேசியதைச் சொன்னார். அஞ்சு ஒரு தடவை சிரித்தும்விட்டாள்.

“இன்னும் சொல்லுங்கப்பா” என்றாள் பொன்செல்வி.

இறங்க வேண்டிய இடம் வந்ததை மூவரும் கவனிக்கவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினார்கள்.