மூன்று மூச்சு

அந்தத் துள்ளல்களை அழித்தது கணினியா, தன் விரலா என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை. யோசிக்கும் போதெல்லாம் ஒருநாள் இப்படியும் ஒருநாள் அப்படியும் வருகிறது.

பைன் காட்டின் தலைக்கு மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தில், மரங்கள் காற்றில் விடும் ஈரத்தை அளக்கும் கருவி இருந்தது. அருகே போகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சின் ஈரம் பட்டால் அலுவலகத்தில் அவள் பார்க்கும் திரையில் கோடு துள்ளும். கருவியைத் துடைக்க ஏறும் அவள் தம்பி மட்டும் வேண்டுமென்றே மூன்று முறை ஊதுவான்.

"மேல வந்துட்டேன்னு சொல்றேன்க்கா. உன் கோட்டுக்கு விக்கல் வருதா?"

அதிகாரி கடிந்துகொண்டார். மும்மூன்றாக வரும் துள்ளல்களைக் கணினியே அழிக்கும்படி அவள் செய்துவைத்தாள். கடைசியாக அவன் ஏறியதற்கு முன்பா, பிறகா?

அந்த முறை மண் சரிந்து பாதை அடைபட்டது. தொலைபேசியும் இல்லை. அவன் தங்கும் காட்டுக் குடிலில் பத்து நாளுக்குச் சாப்பாடு இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள். ஏணி நடுவில் முறிந்திருந்ததையும், உச்சித் தட்டில் இடுப்பு வாரால் தன்னைக் கட்டிக்கொண்டு அவன் விறைத்து உட்கார்ந்திருந்ததையும் ஆறாம் நாள்தான் பார்த்தார்கள்.

அழிக்கப்பட்டவை இருந்த கோப்பை அவள் திறந்தாள். மூன்று. மூன்று. மூன்று. நான்காம் நாள் மதியம் வரை.

ஒரு மாதம் கழித்துப் புது ஏணி மாட்டினார்கள். மாட்டியவர், "நீ எதுக்கும்மா ஏறணும், கீழயே இரு" என்றார். அவள் ஏறினாள். நடுப்பகலிலும் பஞ்சுப் பொதி போல மூடுபனி; பிசின் வாசனை; எங்கோ கீழே ஊசியிலைகளிலிருந்து சொட்டும் நீரின் ஓசை. மூடுபனியில் மரங்கள் ஈரம் விடுவதில்லை. கருவியின் சிறு திரையில் கோடு படுத்தே கிடந்தது.

"அக்கா வந்திருக்கேன்டா."

ஒரு துள்ளல். அவளுடையது.

வாயைப் பொத்திக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்கள் மட்டும் திரையில்.

மூன்று.

காற்றில்லை. நெஞ்சு எரிந்தது.

மறுபடி மூன்று. இந்த முறை கன்னத்தில் பட்டது. ஈரமாக. இளஞ்சூடாக.

கோபுரத்தைப் பிரித்துவிட்டார்கள். அதிகாரி ஓய்வு பெற்றார். ஏணி மாட்டியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தம்பியை அப்போதே அம்மாவின் பக்கத்தில் புதைத்திருந்தார்கள். அவள் அதே மேசையில்தான் இருக்கிறாள். எதிர் அலமாரியில், கம்பிகள் கழற்றப்பட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கருவி கிடக்கிறது. மதியங்களில் அந்தக் கண்ணாடி உள்ளிருந்து பனிக்கிறது. மூன்று முறை. பிறகு தெளிகிறது.